சர்க்கரை நோய்க்கு வந்த இலை: நித்தியகல்யாணி முதல் வின்கிரிஸ்டின் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ரத்தப் புற்றுநோய் போய்விடும் என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு உலகம் முழுவதும் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்து இந்தச் செடியிலிருந்துதான் வருகிறது என்ற வரியும் அதில் ஆதாரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னது உண்மை, முன்னது பொய். உண்மையின் தோளில் கைபோட்டுக்கொண்டு வருவதால் அந்தப் பொய்யைப் புரளி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடிவதில்லை. "செடியிலிருந்து மருந்து எடுக்கிறார்களா, இல்லையா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பும் சில நேரம் அவசரப்படுகிறது. நாட்டு மருந்துக்கு இந்தக் கதையில் எந்தப் பங்கும் இல்லை, எல்லாம் ஆய்வுக்கூடத்தின் சாதனை என்பார்கள். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அதுவும் நிற்காது. மக்கள் மருத்துவம் ஓர் இலையைக் கையில் கொடுத்தது. ஆனால் அது சொன்ன நோய் வேறு. சொன்னபடியே கொடுத்துப் பார்த்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. தோற்றுப்போன அந்தச் சோதனையை மூடிவைக்காமல், ஏன் இப்படி ஆயிற்று என்று துருவியவர்களிடமிருந்துதான் மருந்து பிறந்தது. தாவரச் சாறு, புற்றுநோய் என்ற இரண்டு சொற்களும் ஒரே தலைப்பில் வரும்போதெல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இந்த வழக்கை அதனால்தான் முழுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செடி

நம்மூர்ச் சாலையோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் கல்லறைகளைச் சுற்றியும் ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடப்பதால் இது நம் மண்ணின் செடி என்றே பலரும் நினைக்கிறார்கள். சுடுகாட்டு மல்லி என்ற பேரும் இதற்கு உண்டு. தாய்நிலம் மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் தாவரத் தோட்டத்துக்கு விதை போய்ச் சேர்ந்தது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் வின்கா ரோசியா என்று பெயரிட்டார். இன்றைய தாவரவியல் பெயர் கேதராந்தஸ் ரோசியஸ். அழகுச் செடியாகக் கப்பலேறி, வெப்பமண்டல நாடுகள் எல்லாவற்றிலும் வேலி தாண்டி விளைந்துவிட்டது. வறட்சி தாங்கும், ஆடு மாடு கடிக்காது. இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். அந்தக் கசப்பு ஆல்கலாய்டுகள் என்ற நைட்ரஜன் கொண்ட தாவர வேதிப்பொருள்களின் கசப்பு. இந்த ஒரு செடியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன.

போன இடமெல்லாம் மக்கள் இதற்கு ஒரு மருத்துவப் பயனைக் கண்டுபிடித்தார்கள். ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென் ஆப்பிரிக்கா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் ஒரே பயன் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது: சர்க்கரை நோய். இங்கிலாந்தில் இதிலிருந்து செய்த ஒரு தயாரிப்பு சர்க்கரை நோய் மருந்தாக விற்பனைக்கே வந்திருந்தது. நம்மிடமும் நித்தியகல்யாணிப் பூவோ வேரோ சர்க்கரைக்கு நல்லது என்ற கைவைத்தியம் உண்டு. 'மடகாஸ்கர் வைத்தியர்கள் ரத்தப் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்தினார்கள்' என்று இணையத்தில் அடிக்கடி எழுதப்படும் வரிக்கு இந்தக் கண்டுபிடிப்பின் வரலாற்றில் இடமே இல்லை.

ஜமைக்காவிலிருந்து ஓர் உறை

1952ஆம் ஆண்டு. கனடாவின் டொராண்டோவில் இருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவில் இருந்த இன்னொரு மருத்துவரிடமிருந்து ஓர் உறை வருகிறது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள், சுமார் இருபத்தைந்து. இன்சுலின் கிடைக்காத ஏழை நோயாளிகள் அங்கே இந்த இலையில் தேநீர் வைத்துக் குடிக்கிறார்கள், இதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்பது செய்தி.

இந்த கிளார்க் நோபிளைப் பற்றி ஒரு வார்த்தை. 1921இல் டொராண்டோவில் பான்டிங் இன்சுலின் ஆய்வைத் தொடங்கியபோது அவருக்கு உதவியாளராக இரண்டு மாணவர்கள் தயாராக இருந்தார்கள். யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஜெயித்தவர் சார்லஸ் பெஸ்ட். இன்சுலினோடு அவர் பெயர் நிலைத்துவிட்டது. தோற்றவர் கிளார்க் நோபிள். முப்பது ஆண்டுகள் கழித்து, சர்க்கரை நோய் இலை என்று சொல்லப்பட்ட ஒன்று அவர் கைக்கே வந்து சேர்ந்தது. அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார்.

ராபர்ட் அப்போது ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தின் காலிப் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அந்தக் கூடத்துக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் காலிப்தான் இன்சுலினை மனிதருக்குக் கொடுக்கும் அளவுக்குச் சுத்தப்படுத்தியவர். ஆக, சர்க்கரைக்கு என்று வரும் ஓர் இலையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் வட அமெரிக்காவிலேயே இருந்திருக்காது.

இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை அசையவில்லை. ஜமைக்கா மக்கள் குடித்த முறைக்கு மிக நெருக்கமான சோதனை இதுதான், இது முழுத் தோல்வி. பெரும்பாலான தாவர ஆய்வுகள் இந்த இடத்தில் குறிப்பேட்டில் ஒரு கோடு போடப்பட்டு முடிந்துவிடும். இவர்கள் சாற்றை ரத்தக் குழாயில் ஊசியாக ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஐந்தாறு நாட்களுக்குள் எலிகள் சாக ஆரம்பித்தன.

செத்த எலிகள்

ஊசி போட்ட எலி செத்தால் சாறு சுத்தமாக இல்லை, கிருமி போயிருக்கிறது என்று எழுதிவிடுவது எளிது. அறுத்துப் பார்த்தபோது உடலெங்கும் சீழ்க்கட்டிகள் இருந்தன. காரணம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. தண்ணீரிலும் மண்ணிலும் ஆய்வுக்கூடக் குழாய்களிலும் எங்கும் இருப்பது. நல்ல உடல்நிலையில் இருக்கும் எலியை அது ஒன்றும் செய்வதில்லை. அப்படியானால் இந்த எலிகளிடம் மட்டும் எப்படி வேலையைக் காட்டியது? ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினார்கள். வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. எலும்பு மஜ்ஜையைப் பார்த்தார்கள். அணுக்களை உற்பத்தி செய்யும் இடமே வெறிச்சோடிக் கிடந்தது. எலிகளைக் கொன்றது கிருமி, கிருமிக்கு வழிவிட்டது சாறு.

இந்த இடத்தில்தான் கேள்வி மாறுகிறது. வெள்ளை அணுக்களின் உற்பத்தியை இந்தச் சாறு நிறுத்துகிறது என்றால், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோயான ரத்தப் புற்றுநோயில் இது என்ன செய்யும்? ராபர்ட் நோபிளின் வேலை அதுவரை ஹார்மோன்கள் சார்ந்தது. சர்க்கரை ஆய்வு என்று ஆரம்பித்த கோப்பை அப்படியே வைத்துவிட்டு வேறு கோப்பைத் திறந்தார். பின்னாளில் அவரும் சகாக்களும் எழுதிய கட்டுரைக்கு, வேதிச் சிகிச்சையில் தற்செயல் கவனிப்புகளின் பங்கு என்ற பொருளில்தான் தலைப்பு வைத்தார்கள். எனக்கு அந்தத் தலைப்பு கொஞ்சம் தன்னடக்கமாகவே படுகிறது. எலி செத்தது தற்செயல். அதன் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தது தற்செயல் அன்று.

1954இல் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வேதியியலாளர் சார்லஸ் பியர் குழுவில் சேர்ந்தார். அவர் முன் இருந்த வேலை அலுப்பூட்டக்கூடியது. நூற்றுச் சொச்சம் ஆல்கலாய்டுகள் கலந்த பழுப்புச் சாற்றிலிருந்து எலியின் மஜ்ஜையைத் தாக்கும் அந்த ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, ஒவ்வொரு பகுதியையும் எலிக்குக் கொடுப்பது, வெள்ளை அணுவை எண்ணுவது, எந்தப் பகுதியில் எண்ணிக்கை விழுகிறதோ அதை மறுபடி பிரிப்பது. வருடக்கணக்கில் நடந்தது இதுதான். எடை எடையாக இலையை அரைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத அளவு. 1958இல் படிகம் கிடைத்தது. இன்று வின்பிளாஸ்டின் என்று அழைக்கப்படும் மருந்து அதுதான். அதே ஆண்டு நியூயார்க் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் முடிவுகளை அறிவித்தார்கள்.

இண்டியானாபோலிஸில் அதே இலை

அந்தக் காலத்தில் இதே செடியை இன்னொரு குழுவும் கையில் வைத்திருந்தது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் இருக்கும் ஈலை லில்லி மருந்து நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடா என்ற மருந்தியலாளர் நாட்டு மருத்துவக் குறிப்புகளைப் படித்து, பேர்பெற்ற செடிகளாகப் பார்த்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் நித்தியகல்யாணியைத் தேர்ந்தெடுத்த காரணமும் சர்க்கரைதான். பிலிப்பைன்ஸில் இன்சுலினுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்திருந்தார். ஆனால் அந்த நிறுவனத்தில் எல்லாச் சாறுகளையும் ரத்தப் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளிலும் சோதிக்கும் வழக்கம் இருந்தது. சாறு கொடுத்த சுண்டெலிகள் எதிர்பார்த்ததைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தன.

கனடாக் குழு விபத்தாகக் கண்டதை லில்லி குழு சல்லடை போட்டுப் பிடித்தது. இரு தரப்பும் பின்னர் ஒத்துழைத்தன. மனிதர்களிடம் வின்பிளாஸ்டினின் தொடக்கச் சோதனைகள் டொராண்டோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையில் நடந்தன. லில்லியின் கூடத்தில் ஸ்வோபோடா குழு அதே இலையிலிருந்து இன்னொரு ஆல்கலாய்டையும் பிரித்தது. அதுதான் வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது.

இரண்டு மூலக்கூறுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டுமே நூற்றுப் பதினைந்துக்கு மேற்பட்ட அணுக்கள் பின்னிய பெரிய மூலக்கூறுகள். ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபாடு. ஒரு நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் கார்பனில் வின்பிளாஸ்டினுக்கு மூன்று ஹைட்ரஜன்கள். வின்கிரிஸ்டினுக்கு அங்கே ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும். மற்றபடி அச்சு அசல். ஆனால் உடலுக்குள் போனால் நடத்தை வேறு. வின்பிளாஸ்டின் எலும்பு மஜ்ஜையை அடக்கும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையை ஓரளவு விட்டுவைக்கும், நரம்புகளைப் பிடிக்கும்: விரல் நுனி மரத்துப்போகும், பாதம் தொங்கும், மலச்சிக்கல் கடுமையாகும். மஜ்ஜையை விட்டுவைப்பதால்தான் வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க அது வசதியானது. இலையை மொத்தமாகக் கொதிக்க வைக்கும் ஒருவருக்கு இந்த இரண்டில் எது எவ்வளவு கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

வேலை செய்யும் விதம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டித்த மரபுத்திரிகளை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க நுண்குழல்கள் வேண்டும். தேரை நகர்த்தும் வடம் மாதிரி. நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத் துண்டுகளால் கோக்கப்படுகின்றன. இந்த ஆல்கலாய்டுகள் டியூபுலினில் போய் ஒட்டிக்கொண்டு கோவை சேரவிடாமல் செய்கின்றன. பாதிப் பிரிவில் மாட்டிக்கொண்ட செல் செத்துப்போகிறது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு அடி அதிகம் விழும். புற்றுநோய்ச் செல்கள் மட்டும் அப்படிப் பெருகுவதில்லை. மஜ்ஜையும் முடிவேரும் அப்படித்தான். நரம்பில் அடி விழுவதற்குக் காரணம் வேறு. நரம்பின் நீண்ட இழைக்குள் சரக்குப் போக்குவரத்து நடப்பதே இந்த நுண்குழல்கள் வழியாகத்தான்.

குழந்தைகள் வார்டில்

1960க்கு முன் குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் என்றால் மாதக்கணக்கில்தான் பேச்சு. வின்கிரிஸ்டினும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தபோது பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு ரத்தத்தில் நோயின் சுவடு தற்காலிகமாக மறைந்தது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பி வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரையும் எமில் ஃப்ரைரைக்கும் வின்கிரிஸ்டினோடு மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் மூன்றையும் சேர்த்து நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தார்கள். அன்று இதைக் கொடூரம் என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. அந்த வழியில் ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி வந்ததன் விளைவாக, வசதியான நாடுகளில் இன்று இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் பிழைக்கிறார்கள்.

இந்தியாவில் 1980களில் தொடங்கி, அதே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு வகுக்கப்பட்ட எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைமுறை பரவலானது. மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவற்றோடு சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதைப் பின்பற்றிய மையங்களில் ஒன்று. அதிலும் வின்கிரிஸ்டின் உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் கூட்டுச் சிகிச்சைகளிலும் இந்தச் செடிக்கு இடமுண்டு: பழைய 'மாப்' முறையில் வின்கிரிஸ்டின், பின்னர் வந்த ஏ.பி.வி.டி. முறையில் வின்பிளாஸ்டின். குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிக்கும் வின்கிரிஸ்டின் போகிறது.

எங்கும் தனியாகப் போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'நித்தியகல்யாணி ரத்தப் புற்றுநோயைக் குணமாக்கியது' என்பது எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால்கூடத் தவறு. ஃப்ரையும் ஃப்ரைரைக்கும் சேர்த்துக் கொடுத்த மற்ற மூன்று மருந்துகளுக்கும் நித்தியகல்யாணியோடு எந்த உறவும் இல்லை.

மருந்துக் குப்பியைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மில்லிலிட்டர் நிறமற்ற திரவம், அதில் ஒரு மில்லிகிராம் மருந்து. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். பெரியவர்களுக்குக்கூட ஒரு தவணைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. ரத்தக் குழாயிலிருந்து சற்றே கசிந்து தசைக்குள் போனால் அந்த இடம் வெந்துபோகும். முதுகுத்தண்டு நீருக்குள் போனால் மரணம். இந்தக் கடைசி ஆபத்து ஏட்டளவில் இருப்பது அன்று. ரத்தப் புற்றுநோய்க்கு முதுகுத்தண்டு வழியாக வேறொரு மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் இரண்டு சிரிஞ்சுகள் ஒரே தட்டில் வந்து, கைமாறிப் போய் உயிரிழப்புகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அதனால் உலக சுகாதார அமைப்பு 2007இல் எச்சரிக்கை வெளியிட்டு, இதைச் சிரிஞ்சில் நிரப்பாமல் சிறு திரவப் பையில் கலந்தே கொடுக்கச் சொன்னது. முதுகில் ஏற்றுவதற்குப் பையை யாரும் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள் என்பதுதான் அதன் எளிய தர்க்கம். குப்பியின் மீதே, ரத்தக் குழாய் வழியாக மட்டும், வேறு வழியில் கொடுத்தால் உயிர் போகும் என்று அச்சடித்திருப்பார்கள்.

கஷாயக் கணக்கு

இனி வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பதும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ வேண்டும் என்பதும் ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இதன்படி 2 மில்லிகிராம் வின்கிரிஸ்டினுக்கு 4 கிலோ காய்ந்த இலை. வீட்டில் ஒரு கைப்பிடி, அதாவது ஐந்து கிராம் காய்ந்த இலையைக் கொதிக்க வைத்தால், இருப்பதெல்லாம் இறங்கிவிட்டது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு தவணையில் எண்ணூறில் ஒரு பங்கு கிடைக்கும். அதுவும் வயிற்றுக்குள் போகிறது. வின்கிரிஸ்டின் குடல் வழியாக ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. ஊசியாகக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஜமைக்கா மக்கள் பல தலைமுறையாக இந்தத் தேநீரைக் குடித்தும் எலிகளைப் போலச் சாகாததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. அவர்களைக் காப்பாற்றியதும் மருந்தை அவர்களுக்குக் கிடைக்காமல் செய்ததும் ஒரே விஷயம்தான்.

அப்படியென்றால் கஷாயம் கெடுதலும் செய்யாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இலையில் இருக்கும் மற்ற ஆல்கலாய்டுகள் மிக அதிக அளவில் இருக்கின்றன, அவற்றில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவையும் உண்டு. 'பலன் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சலாம்' என்று போகிறவருக்கு ஆபத்து அங்கே தொடங்குகிறது. இன்னொன்று, மருத்துவமனையில் வின்கிரிஸ்டின் ஏற்றிக்கொண்டே வீட்டில் கஷாயமும் குடிப்பவர்கள். வின்கிரிஸ்டினைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதிக் குடும்பம்தான் சிதைத்து வெளியேற்றுகிறது. இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுவதால் வின்கிரிஸ்டினின் நரம்புப் பாதிப்பு பல மடங்காகும் என்பது நன்கு பதிவானது. அதே நொதியை அசைக்கும் மூலிகைகளும் இருக்கின்றன. எந்தப் பொடி, எந்த லேகியம் என்று மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சொன்னால் திட்டு விழும் என்ற பயத்தை உண்டாக்கியது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும் தாவரச் சாறுகளுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளிலிருந்து எடுத்த 1,14,000 சாறுகளைச் சோதித்தது. அதிலிருந்து நோயாளிக்குப் பயன்படும் மருந்துகளாகத் தேறியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: பசிபிக் யூ மரப்பட்டையின் டாக்சால், சீன மரமொன்றின் கேம்ப்டோதெசினிலிருந்து பின்னர் உருவான மருந்துகள். செய்தித்தாளில் 'மூலிகையில் புற்றுநோய்க்குத் தீர்வு' என்று தலைப்பு வரும்போது, தட்டிலா, சுண்டெலியிலா, மனிதரிலா என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலும் மேலே படிக்க வேண்டியிருக்காது. மக்களிடையே பெரும் ஆதரவு திரண்ட லேட்ரைல், அதாவது பாதாமி விதைப் பொருள், 1982இல் 178 நோயாளிகளிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. பலன் தெரியவில்லை. சிலருக்குச் சயனைடு நச்சின் அறிகுறிகள் தெரிந்தன.

தென் மாவட்டங்களின் இலை

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு நேரடியான ஓர் இடம் இருக்கிறது; அது வைத்தியத்தில் இல்லை, விவசாயத்தில். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பணப்பயிராக விளைகிறது. மழையை நம்பி விதைத்து, இலையை உருவி உலர்த்தி, கடைசியில் வேரோடு பிடுங்கி மூட்டை கட்டுவார்கள். இலைக்கு ஒரு சந்தை, வேருக்கு ஒரு சந்தை. வேரில் இருக்கும் அஜ்மாலிசின் என்ற ஆல்கலாய்டு ரத்த ஓட்டத்துக்கான மருந்துகளுக்குப் போகிறது. இலையும் வேரும் வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. மருந்து, நறுமணப் பயிர்களுக்கான லக்னோ சீமேப் நிறுவனம் இதில் நிர்மல், தவல் என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்கு இரண்டு டன் காய்ந்த இலை என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்குப்படி கிடைப்பது ஒரு கிராம் வின்கிரிஸ்டின். முழு அளவில் 500 தவணைகள். கரிசலில் ஒரு ஹெக்டேர் ஒரு பருவம் முழுக்க உழைத்தால் கிடைப்பது அவ்வளவுதான். இலை வியாபாரியிடம் விலை பேசும் விவசாயிக்கு அந்த ஒரு கிராம் கண்ணில் படப்போவதில்லை.

இந்தியாவில் இந்த மருந்துகளைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை சிப்லா நிறுவனம் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து 1984இல் உருவாக்கியது. இதன் முக்கியத்துவத்தை நாம் போதிய அளவு பேசியதில்லை. இலை இங்கே, நோயாளி இங்கே, மருந்து மட்டும் வெளியே என்ற நிலை அதோடு மாறத் தொடங்கியது.

யாருக்குப் பங்கு?

மடகாஸ்கரின் வளத்தை எடுத்து மருந்து நிறுவனம் கோடிகளைச் சம்பாதித்தது, அந்தத் தீவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது உயிரியல் கொள்ளை பற்றிய விவாதங்களில் தவறாமல் வரும் எடுத்துக்காட்டு. குற்றச்சாட்டின் ஆதங்கம் நியாயமானது. மரபு வளத்தின் மீது நாடுகளுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்ட உலக உடன்படிக்கை 1992இல்தான் வந்தது. பலனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2010இல் வந்தது. நோபிளின் உறை அதற்கெல்லாம் வெகு முன்னால் தபாலில் வந்துவிட்டது.

ஆனால் வழக்கின் விவரங்களைப் பார்த்தால் பங்கு பிரிப்பது அத்தனை எளிதில்லை. செடி மடகாஸ்கருடையது. தகவல் ஜமைக்காவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தது. தகவல் சொன்ன பயன் வேறு நோய்க்கு. கனடா ஆய்வுக்கு முதலில் வந்த இலை ஜமைக்காவில் விளைந்தது. இதில் யாருடைய அறிவு மருந்தாயிற்று? ஜமைக்காவில் அந்தத் தேநீரைக் குடித்த ஏழை நோயாளிகளுக்குத்தான் முதல் பங்கு என்று நான் சொல்வேன். அவர்கள் குடிக்காமல் இருந்திருந்தால் அந்த உறைக்குள் இலை வந்திருக்காது. எந்தச் சட்டமும் அவர்களை அடையாளம் காணப்போவதில்லை என்பதும் தெரிந்ததுதான்.

விநியோகம் இன்றும் இழுபறிதான். 2019இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வின்கிரிஸ்டின் தயாரிப்பை நிறுத்தியது. மிஞ்சியிருந்த ஒரே நிறுவனத்தின் ஆலையில் தாமதம் ஏற்பட, குழந்தைகள் மருத்துவமனைகளில் மருந்து தட்டுப்பாடு வந்தது. அங்கே இலைக்குக் குறையில்லை. லாபம் குறைந்த பழைய ஊசி மருந்தைச் செய்ய ஆளில்லாததுதான் குறை.

செடியை விட்டுவிடும் முயற்சியும் நடக்கிறது. வின்பிளாஸ்டினைச் செடி எப்படிக் கட்டுகிறது என்ற நீண்ட படிவரிசையில் விடுபட்டிருந்த கடைசி நொதிகளை 2018இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓ'கானரின் குழு கண்டுபிடித்தது. 2022இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு ஒன்று ஈஸ்ட் செல்லில் ஐம்பதுக்கு மேற்பட்ட மரபணு மாற்றங்களைச் செய்து, வின்டோலின், கேதராந்தின் என்ற இரண்டு பாதிகளையும் அதிலேயே தயாரிக்க வைத்தது. அவற்றை இணைத்தால் வின்பிளாஸ்டின். கிடைத்த அளவு மிகச் சொற்பம். தொழிற்சாலைக்குப் போக இன்னும் தூரம் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்துவிட்டால் கோவில்பட்டிப் பக்கத்து விவசாயிக்கு இலைச் சந்தை இருக்காது. அவருக்கு மாற்றுப் பயிர் என்ன என்ற கேள்வியை இப்போதே வேளாண் துறை கேட்கத் தொடங்கலாம்.